மறுகா கிறுகு

மூன்று பேர் வந்து தேடிவிட்டார்கள். மூன்று பேருக்கும் கிடைக்கவில்லை. நாலாவதாக வருகிறவர் சும்மா ஆளில்லை. கேதீஸ்வரன் என்று பேர். கொழும்பில் இருக்கிறவர், இலங்கை முழுக்க இப்படி ஒளித்து வைத்த பெட்டிகளை நூற்றுக்கணக்கில் தேடிப் பிடித்தவர். வருகிற சனிக்கிழமை மனைவியோடு பொத்துவில் பக்கம் வருவதாகவும், வழியில் இந்தப் பெட்டியையும் ஒரு கை பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். அதோடு நிறுத்தியிருந்தால் நப்லா சிரித்துவிட்டுப் போயிருப்பாள். கீழே இன்னொன்றும் எழுதியிருந்தார்: ‘எனக்கும் கிடைக்காவிட்டால் அங்கே பெட்டி இல்லை என்றே கொள்ள வேண்டும். குறிப்பிலுள்ள எழுத்துப் பிழையைத் திருத்தினால் வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.’

நப்லா போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சத்தில் எடுத்துத் திரும்பவும் வாசித்தாள்.

“எழுத்துப் பிழையாம்,” என்றாள்.

கல்முனை பஸாருக்குப் பின்னால் ஏசியும் பிரிட்ஜும் திருத்துகிற சின்னக் கடை அது. அவள் புருசன் ஜெஸீல் ஒரு பிரிட்ஜின் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு அதற்குள் தலையை விட்டிருந்தான். யாருக்கு என்று உள்ளேயிருந்தே கேட்டான். எனக்குத்தான் என்றாள். உனக்கு எழுத்துப் பிழை வராதே, பில்லில் ஒரு கால் விட்டாலும் என்னைத்தானே ஏசுவாய் என்றான்.

“அதத்தான் நானும் சொல்றன்.”

இந்தப் பெட்டி விளையாட்டை இரண்டு பேரும் தோஹாவில் பழகினார்கள். ஜெஸீல் அங்கே ஏசி வேலை செய்த காலம். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கடற்கரைப் பூங்காவில் சில பேர் போனைப் பார்த்துப் பார்த்துக் கல்லைப் புரட்டுவதையும், உட்காருகிற வாங்குக்குக் கீழே கையை விட்டுத் தடவுவதையும் கண்டு, முதலில் எதையோ தொலைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். ஜியோகேச்சிங் என்று அதற்குப் பேர். ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு, இடத்தையும் ஒரு குறிப்பையும் இணையத்தில் போடுவார். யாரும் வந்து தேடலாம். கண்டெடுத்தவர் உள்ளே இருக்கிற தாளில் பேரை எழுதி, தான் கொண்டுவந்த ஒரு சாமானை வைத்து, அங்கிருக்கிற ஒரு சாமானை எடுத்துக்கொண்டு, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கருப்பொருள் இருக்கும். ஒன்றில் முழுக்கப் பொத்தான். இன்னொன்றில் முழுக்கச் சிப்பி.

ஊருக்கு வந்த பிறகு நப்லாவுக்கு ஆசை பிடித்தது, எங்கட பக்கமும் ஒன்று வைக்க வேண்டும் என்று. என்ன வைப்பது என்று யோசித்தபோது அவளோடு படித்த பாண்டிருப்பு யசோதினிதான் சொன்னாள், சொல்லு வைப்பம் என்று.

பொத்தான் இல்லை, சிப்பி இல்லை, சொல். பெட்டிக்குள்ளே சின்னச் சின்ன மட்டைகள். ஒவ்வொன்றிலும் இந்தக் கரையில் மட்டும் புழங்குகிற ஒரு சொல். வருகிறவர் தன் ஊர்ச் சொல் ஒன்றை எழுதி வைத்துவிட்டு, இங்கத்தைச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு போகட்டும். விடியலுக்கு வெள்ளாப்பு, வயலுக்கு வட்டை, சீக்கிரத்துக்குச் சுறுக்கா என்று இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது.

இடத்துக்கு யோசிக்கவே இல்லை. திருக்கோவில் தாண்டி, கோமாரிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கையில், றோட்டோரம் ஒரு பெரிய மருத மரம். அதன் கீழே வட்டச் சீமெந்து மேசை, சுற்றிவர வாங்குகள், தள்ளி ஒரு கைப்பம்பு. பொத்துவிலுக்குச் சுற்றுலா போகிற பஸ்ஸும் வேனும் சோற்றுப் பார்சலை அவிழ்க்கிறது அங்கேதான். அதனால் சோத்துமரத்தடி என்று பேர். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் அங்கே யாரும் நிற்பாட்டுவதில்லை. பம்பு இறுகிப் போய், மேசை பற்றைக்குள் மறைந்துவிட்டது. இப்போது பற்றையை வெட்டி, பம்பையும் திருத்தி, ஆட்கள் மறுபடி வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், மேசையில் ஆணியால் பேரைக் கிறுக்கிவிட்டுப் போகிறார்கள்.

பம்புக்குப் பின்னால் நாலு எட்டுத் தள்ளி ஒரு காலத்துப் பேர்ப்பலகையைத் தாங்கிய இரும்புக் குழாய் நிற்கிறது. பலகை எந்தக் காலத்திலோ போய்விட்டது. குழாயும் ஆள் உயரத்தில் முறிந்துவிட்டது. அந்த முறிந்த வாய்க்கு ஜெஸீல் ஒரு மூடி அடித்தான். மூடி புதுசாகத் தெரியக்கூடாது என்று கறள் பிடித்த மாதிரியே நிறம் பூசினான். நிசக் கறள் இதைப் பார்த்தால் வெட்கப்படும் என்று அவனுக்கு ஒரே பெருமை. மூடிக்குக் கீழே நைலோன் கயிற்றில் ஒரு நீள டப்பா, அதற்குள் சொற்கள்.

குறிப்பை நப்லா எழுதினாள். மூன்றே வரி:

கை கழுவு.
மறுகா கிறுகு.
முகத்துக்கு நேரே.

இந்தப் பக்கத்தில் நடை பழகுகிற பிள்ளைக்கும் விளங்குகிற கதை அது. கையைக் கழுவு, பிறகு திரும்பு, முகத்துக்கு முன்னால் இருக்கிறது. பம்படியில் கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால் அந்தக் குழாயின் வாய்தான் மூஞ்சிக்கு நேரே நிற்கும். ஆனால் வந்தவர்களுக்கு மறுகாவும் தெரியவில்லை, கிறுகும் தெரியவில்லை. கண்டியிலிருந்து வந்த ஒருவரும் கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளையும் கிறுகு என்பதைக் கிறுக்கு என்று வாசித்து, மேசையிலுள்ள கிறுக்கல்களை எல்லாம் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குப் போன் மொழிபெயர்த்துக் கொடுத்ததாம், ‘கையைக் கழுவு, கலங்காமல் பைத்தியமாகு’ என்று. முதலாவதைச் செய்தேன், இரண்டாவதற்கு மனம் வரவில்லை என்று அவர் எழுதியிருந்தார். அதைப் படித்து ஜெஸீல் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த திருகாணி பிரிட்ஜுக்குள் விழுந்து, அதை எடுக்கப் பாதிப் பிரிட்ஜையும் கழற்ற வேண்டி வந்தது.

நப்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டை மேற்பார்வை செய்கிறவரிடமிருந்து ஏற்கெனவே ஒரு செய்தி வந்திருந்தது: தேடியவர் யாருக்கும் கிடைக்கவில்லை, குறிப்பை எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி மாற்றுங்கள், அடுத்தவரும் இல்லை என்று சொன்னால் பெட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். அடுத்தவர் கேதீஸ்வரன். அவர் இல்லை என்றால் யாரும் மறுத்துக் கதைக்கப் போவதில்லை.

திரும்பு என்று மாற்றிவிடேன், ஒரு சொல்லுத்தானே என்றான் ஜெஸீல். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் அடித்த மூடியும் அதில்தான் இருக்கிறது. அதைக் காப்பாற்றப் பார்த்தான்.

நப்லாவுக்கு வெள்ளவத்தை ஹொஸ்டல் ஞாபகம் வந்துவிட்டது. கணக்கியல் படிக்கப் போன முதல் வாரம், சாப்பாட்டு மேசையில் ஒரு பிள்ளையைப் பார்த்து, கொஞ்சம் கிறுகு, உன்ட முதுகில பூச்சி என்று சொன்னாள். அவ்வளவுதான். அன்றைக்கிருந்து அவளுக்குக் கிறுக்கி என்று பேர். படியில் கிறுக்கி, குளியலறை வாசலில் கிறுக்கி. அந்தக் கட்டடம் முழுக்கக் கல்முனைப் பக்கத்தார் என்று இரண்டே பேர், மற்றவள் யசோதினி. ஒரே அறை. வெளியே போனால் இருவரும் திரும்பு, பிறகு, சீக்கிரம் என்று பார்த்துப் பார்த்துக் கதைப்பார்கள். அறைக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டு, மறுகா மறுகா, கிறுகு கிறுகு என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்புத்தான். ஆனாலும் கதவைப் பூட்டிவிட்டுத்தான்.

“மாத்தமாட்டன்,” என்றாள் நப்லா. “பெட்டி போனாலும் பரவால்ல. அது பிழையில்ல.”

ஜெஸீல் பிரிட்ஜுக்குள்ளிருந்து தலையை எடுத்து அவளைப் பார்த்தான். பிறகு, சனிக்கிழமை கடையைப் பூட்டுவோம் என்றான். போய்ப் பெட்டி இருக்கிறதா என்றாவது பார்க்க வேண்டுமே. பார்க்கிறதோடு, வருகிறவரையும் பார்த்தால் என்ன?

பெட்டி வைத்தவர் வாய் திறந்து இடத்தைக் காட்டக்கூடாது. அப்படிக் காட்டிக் கிடைப்பதில் ஒரு மதிப்பும் இல்லை. ஆகவே சும்மா பிக்னிக் வந்தவர்கள் மாதிரி இருப்பது என்று முடிவாயிற்று. தபால் கந்தோரில் வேலை செய்கிற யசோதினி அன்றைக்கு லீவு போட்டாள். சுபைறா மாமியை யாரும் கூப்பிடவில்லை. ஜெஸீலின் உம்மா அவ. சனிக்கிழமை வெள்ளாப்பிலேயே எழும்பி நெய்ச்சோறு ஆக்கி, கோழி காய்ச்சி, கத்தரிக்காய் பொரித்து, பானையோடு வேனில் ஏறி உட்கார்ந்திருந்தா. சோத்துமரத்தடிக்குக் கடைப் பார்சலோடு போன குடும்பம் என்று ஊர் சொல்லக்கூடாது என்பது அவட நியாயம்.

நப்லாவுக்குப் பயம். மாமி இரகசியத்தை வைத்திருந்ததாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது என்று காரைதீவு தாண்டுகிறபோது ஒரு தரமும், திருக்கோவிலில் ஒரு தரமும் சொன்னாள். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

“பெட்டியப் பத்தி வாய் துறந்தா என்னை இஞ்சயே இறக்கிட்டுப் போங்க. நான் சோறு போட வந்தவ.”

போனவுடன் ஜெஸீல் மூடியைத் தூக்கிப் பார்த்தான். டப்பா அப்படியே தொங்கியது. நிறம் எப்படி என்று யசோதினியிடம் கேட்டான். எது மூடி, எது குழாய் என்றே தெரியவில்லை என்று அவள் சொன்னது அவனுக்கு அன்றைய நாளுக்குப் போதும். பானையை மேசையில் வைத்து, வாங்குகளில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

கேதீஸ்வரன் உயரமானவர், நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும், கழுத்தில் தொங்குகிற கயிற்றில் போன், இடுப்பில் ஒரு சின்ன டோர்ச். இறங்கின கையோடு வேலையைத் தொடங்கிவிட்டார். அவருடைய மனைவி கஜனி ஒரு தொப்பியால் விசிறிக்கொண்டு மர நிழலுக்கு வந்தா. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, இந்த மாதிரி எத்தனையோ மர நிழல்களில் காத்திருந்தவ என்று. மாமி அவவுக்கு இடம் விட்டா. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வெயில் எப்படி என்று கதை தொடங்கியது. யாழ்ப்பாணம், வடமராட்சி, இப்போது கொழும்பில் இருபது வருசம். இவருக்கு இது விசர் என்று கஜனி சொன்னா. எங்கட வீட்டிலும் ஒண்டு இரிக்கி என்று மாமி தொடங்க, நப்லா மேசைக்குக் கீழே மாமியின் காலை மிதித்தாள்.

கேதீஸ்வரன் மரத்தைச் சுற்றினார். வேர்களுக்கிடையில் டோர்ச் அடித்தார். வாங்குகளைக் குனிந்து பார்த்தார். நப்லாவுக்கு ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை, ஆள் தேடத் தெரிந்தவர். அவசரப்படவில்லை, ஒன்றையும் உடைக்கவில்லை, புரட்டிய கல்லைத் திருப்பி வைத்தார். பம்பையும் இரண்டு தரம் பார்த்தார். ஆனால் பம்பைத்தான் பார்த்தார். அதன் வாயை, பிடியை, அடிக் கல்லை. கழுவு என்றால் கழுவுகிற இடத்தில் இருக்கிறது என்று அவர் கணக்கு. குழாய்க்குப் பக்கத்தால் போய்வந்தார். அதில் தோளைச் சாய்த்து நின்று போனைப் பார்த்தார். ஜெஸீல் பெருமையில் மூச்சை விடாமல் இருந்தான்.

கடைசியில் மேசைக்கு வந்தார். மன்னிக்க வேண்டும், உங்கட சாப்பாட்டைக் குழப்பவில்லை, இந்த மேசையைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். பார்க்கச் சொன்னார்கள். மாமி பானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டா. அவர் ஒவ்வொரு கிறுக்கலாகக் குனிந்து வாசித்தார்.

“தங்கத்துரை, சீதேவி,” என்று வாசித்தார். “இது பழசு. இதுக்குள்ளதான் எங்கையோ இருக்கவேணும், கஜனி. கிறுக்கு எண்டுதான் எழுத வந்திருக்கினம், ஒரு க் விட்டுப்போட்டினம்.”

நப்லாவின் கை கத்தரிக்காய்ப் பாத்திரத்தின் மூடியை இறுக்கிப் பிடித்திருந்தது. யசோதினி அவள் காதுக்கு வந்து, சொல்லிப்போடுவமா என்றாள். வேண்டாம் என்று நப்லா தலையை ஆட்டினாள். சொல்லிக் கிடைப்பதற்கு அவள் ஏன் இந்தப் பெட்டியை வைக்க வேண்டும்? வெள்ளவத்தையில் ஒவ்வொருவருக்கும் நின்று நின்று அர்த்தம் சொன்னது போதும்.

கேதீஸ்வரன் நிமிர்ந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். வாங்கின் நுனியில் உட்கார்ந்து போனை எடுத்தார். என்ன எழுதப் போகிறார் என்று நப்லாவுக்குத் தெரியும். அவருடைய பெருவிரல் அசையத் தொடங்கியது.

“மகன்,” என்றா சுபைறா மாமி. “அத மறுகா எழுதலாம். சோறு ஆறுது.”

பெருவிரல் நின்றது. பரவாயில்லை அம்மா, நாங்கள் பொத்துவிலில் சாப்பிடுவம் என்று அவர் சொன்னார். மாமி கேட்கவில்லை. இந்த மரத்தடியில் ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க மற்றவர் சாப்பிட்ட வழக்கமில்லை என்றா. பானையில் இருப்பது கோழிதான், மாடில்லை, இந்தா யசோப் பிள்ளையும் சாப்பிடுகிறாள் என்றா. கஜனி ஏற்கெனவே பானைப் பக்கம் நெருங்கி உட்கார்ந்துவிட்டா. அந்த நெய்ச்சோற்று வாசத்துக்கு முன்னால் நூற்றுக்கணக்கில் பெட்டி பிடித்தவரும் நிற்க முடியாது.

அவர் போனை வாங்கில் வைத்தார். ஏதோ யோசனையில் இருந்தார்.

“மறுகா எண்டால் பேந்து எண்டதோ, அம்மா?” என்றார்.

பேந்தும் தெரியாது, கீந்தும் தெரியாது என்றா மாமி. மறுகா என்றால் மறுகாதான், சாப்பிட்ட மறுகா. அவர் தலையை மெல்ல ஆட்டினார். அவருடைய நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்து அப்படியே நின்றது. ஆனால் பசி பெரிது. கையை எங்கே கழுவுவது என்று கேட்டார்.

ஜெஸீல் எழும்பிப் பம்பை அடித்துக் கொடுக்கப் போனான். மாமியும் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனா. விருந்தாளிக்குக் கை துடைக்கத் துவாய் நீட்டாமல் அவட வீட்டில் சோறு போட்டதில்லை. கேதீஸ்வரன் கடல் பக்கம் பார்த்துக் குனிந்து, இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மண்ணெல்லாம் போனது.

“நல்லாக் கழுவிட்டீங்களா மகன்? மறுகா இஞ்சால கிறுகுங்க, துவாய் தாறன்.”

கேதீஸ்வரன் அசையவில்லை. குனிந்தபடியே நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அம்மா, இப்ப என்ன சொன்னனீங்கள்?”

“துவாய் தாறன் எண்டன்.”

“அதுக்கு முதல்?”

“நல்லாக் கழுவிட்டீங்களா எண்டன்.”

“ரெண்டுக்கும் நடுவில.”

மாமிக்கு அப்போதுதான் ஏதோ பிழை செய்துவிட்டோமோ என்று பட்டது. மேசைப் பக்கம் நப்லாவைப் பார்த்தா. நப்லா கல்லாக இருந்தாள். யசோதினி இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

“மறுகா கிறுகுங்க எண்டன்,” என்றா மாமி. “ஏன் மகன், பிழையா?”

“இல்லை அம்மா,” என்றார் அவர். “பிழை இல்லை.”

பிறகு மெல்லக் கிறுகினார். முகத்துக்கு நேரே, கறள் பிடித்த ஒரு குழாயின் வாய். அதில்தான் கொஞ்சம் முன்னால் தோளைச் சாய்த்து நின்றார். நாலு எட்டு வைத்து, ஈரக் கையாலேயே மூடியைத் தொட்டார். அது அசைந்தது. தூக்கினார். நைலோன் கயிறு வந்தது, கயிற்றின் பின்னால் டப்பா வந்தது. கஜனி வாங்கிலிருந்து, கிடைச்சிட்டுதே, அப்ப இனிச் சாப்பிடலாமோ என்று கேட்டா.

டப்பாவை மேசைக்குக் கொண்டுவந்து, நல்ல பிள்ளை மாதிரி முதலில் துவாயில் கையைத் துடைத்துவிட்டுத் திறந்தார். மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். வெள்ளாப்பு. வட்டை. சுறுக்கா. சிலதை வாசித்துவிட்டு மாமியைப் பார்த்தார். மாமி, இதெல்லாம் என்னத்துக்குப் பெட்டிக்குள்ள, நாங்க எல்லா நாளும் கதைக்கிறதுதானே என்றா. கிறுகு என்று எழுதிய மட்டை வந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு நப்லாவிடம் திரும்பினார்.

“இத வைச்சது நீங்கள்தானே, தங்கச்சி?”

“என்னெண்டு தெரியும்?”

“உங்கட முகத்தில எழுதிக் கிடக்குது.”

“எழுத்துப் பிழையில்லாமலா?” என்றாள் நப்லா.

யசோதினிக்கு அடக்கி வைத்த சிரிப்பு அப்போது வெடித்தது. கேதீஸ்வரனும் சிரித்தார், காது வரை சிவந்துபோய்ச் சிரித்தார். மன்னிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவரை நப்லா விடவில்லை. முதலில் சாப்பிடுங்க, கோழி ஆறினால் மாமி உங்களையும் ஏசுவா, என்னையும் ஏசுவா என்றாள்.

சாப்பிட்டார்கள். கஜனி இரண்டாந் தரமும் சோறு வாங்கினா. கைகழுவ எழும்பிய ஒவ்வொருவரும் பம்படியில் நின்று ஒரு தரம் கிறுகிப் பார்த்தார்கள், ஜெஸீல் உட்பட. தான் அடித்த மூடியைத் தானே புதுசாகக் காண்கிற மாதிரி. அந்தக் கறள் நிறத்தை எப்படிக் கலந்தீர்கள் என்று கேதீஸ்வரன் கேட்டதுதான் தாமதம், ஜெஸீல் தொடங்கிவிட்டான். வாழைப்பழம் வந்த பிறகும் அவன் முடிக்கவில்லை.

வாழைப்பழத் தோலை ஒதுக்கிவிட்டுக் கேதீஸ்வரன் தாளில் பேரை எழுதினார். முதல் பேர். அதற்குக் கீழே இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நப்லா பார்த்துக்கொண்டாள். இனி அவர் தன் சொல்லை வைக்க வேண்டும். வெறும் மட்டை ஒன்றை எடுத்து, பேனையைக் கடித்துக்கொண்டிருந்தார். என்ன எழுத, என்ன எழுத என்று இரண்டு தரம் கேட்டார்.

“பேந்து எண்டு எழுதுங்கோவன்,” என்றா கஜனி. பிறகு மாமியிடம் திரும்பி, இவர் கந்தோரில் பிறகு, பின்பு, அப்புறம் என்று எத்தனை விதமாகவும் கதைப்பார், பேந்து மட்டும் வராது என்றா. முதல் முதல் வேலைக்குப் போன இடத்தில் பேந்து மாஸ்டர் என்று கூப்பிட்டவங்களாம், அதிலிருந்து வீட்டுக் கதவைப் பூட்டின பிறகுதான் அந்தச் சொல்லே வாயில் வரும் என்றா.

நப்லாவும் யசோதினியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேதீஸ்வரன் குனிந்து, பெரிய எழுத்தில் ‘பேந்து’ என்று எழுதினார். எழுதி மட்டையை டப்பாவுக்குள் போட்டார். எதை எடுப்பார் என்று எல்லாரும் பார்த்தார்கள். கிறுகு மட்டையைத் தொட்டார். பிறகு அதை வைத்துவிட்டு, மறுகாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

“கிறுகு இஞ்சையே இருக்கட்டும்,” என்றார். “மறுகா எங்கட பேந்துக்கு மச்சான். கொண்டுபோய்க் காட்ட வேணும்.”

போகிறபோது மாமி மீதிக் கோழியைக் கட்டிக் கொடுத்தா. கார் றோட்டில் ஏறும் வரை கஜனி கையை ஆட்டிக்கொண்டே போனா.

அவர்கள் போன பிறகுதான் நப்லா மாமியைப் பிடித்தாள். வேணுமென்று சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா? மாமி பானையை வேனுக்குள் வைத்துக்கொண்டிருந்தா.

“நான் பெட்டியப் பத்தி வாய் துறந்தனா?”

“இல்ல.”

“மறுகா என்ன கேள்வி?”

அதற்கு மேல் அவவிடமிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. வேனில் ஏறி, முன்சீட்டில் வசதியாக உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டா. முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததா என்று நப்லா எட்டிப் பார்த்தாள். இருந்த மாதிரியும் தெரிந்தது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கின மாதிரியும் தெரிந்தது.

திருக்கோவில் வருவதற்கு முன்னமே போனில் செய்தி வந்தது. நப்லா சத்தமாக வாசித்தாள். பெட்டி இருக்கிறது, நல்ல நிலையில் இருக்கிறது என்று கேதீஸ்வரன் எழுதியிருந்தார். குறிப்பில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. பிழை என்று எழுதியவர் நான். குறிப்பை ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்று மேற்பார்வை செய்கிறவரைக் கேட்டுக்கொள்கிறேன். தேட வருகிறவர்கள் போனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மரத்தடியில் இருக்கிற ஆட்களோடு கொஞ்சம் கதையுங்கள். பசியோடு வாருங்கள். அதோடு முடித்திருந்தார்.

மேற்பார்வை செய்கிறவரின் மறுமொழி தம்பட்டையில் வந்தது. பெட்டி பட்டியலில் இருக்கும். கிறுகு என்ற அந்தச் சொல்லுக்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒரு விளக்கம் போட விருப்பமா என்று கேட்டிருந்தார்.

“என்ன எழுதப்போற?” என்று யசோதினி கேட்டாள்.

“எழுதிட்டன்,” என்றாள் நப்லா. “விருப்பமில்ல எண்டு.”

யசோதினி போனை வாங்கித் தானும் ஒரு தரம் முழுக்க வாசித்தாள். வாசித்து முடித்து, கிறுக்கி என்று நப்லாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தப் பேரைக் கேட்டு நப்லா சிரித்தது அன்றைக்குத்தான்.

அக்கரைப்பற்று தாண்டி, வேன் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. ஏசி திருத்துகிறவனின் வேனில் ஏசி இல்லை. நாலு கண்ணாடியும் இறக்கித்தான் கிடந்தன. றோட்டோரத்தில் எருமைத் தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். தயிர் வாங்க வேண்டும் என்று மாமி காலையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தா. ஜெஸீல் கறள் நிறத்தின் யோசனையில் அப்படியே தாண்டிப் போய்விட்டான்.

மாமி சொல்ல வாயெடுத்தா. அதற்குள் பின்சீட்டிலிருந்து இரண்டு பேர், ஒரே நேரத்தில், றோட்டில் போகிறவர்களும் தயிர்க்காரரும் நிமிர்ந்து பார்க்கிற சத்தத்தில் சொன்னார்கள்:

“கிறுகுங்க.”